விண்ணுக்கு ஆய்வகம், மண்ணின் மக்களுக்கு?

சவ்வாது மலையின்மேல், ஆலங்காயத்தை அடுத்துக் காவலூர் என்றோர் ஊர் உளது. 1960களின் இறுதியில் அங்கு வானியல் ஆய்வகம் ஒன்று அமைந்தது. 1972இல் 102 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பெற்றது. அவ்வாண்டே வியாழக்கோளின் பெருநிலாவாகிய கானிமீடைச் சூழ்ந்து காற்று உண்டு என்பதற்கான அடையாளம் அங்கிருந்து காணப்பெற்றது. 1977இல் யுரேனசுக் கோளைச் சுற்றியுள்ள வளையங்களைக் கண்டறிந்த உலக ஆய்வில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி அங்கு இயங்கி வருகின்றது. அஃது இந்நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கப்பெற்றது என்பர். பெருமைதான்; மறுப்பார் எவருமிலர்.

நாம் வினவுவது வேறு. வானத்தின் தெளிவு கருதி அம்மலையைத் தேர்ந்தெடுத்த அறிவுலகம், அம்மலையில் வழிவழியாக வாழ்ந்துவரும் மக்களை ஏறெடுத்துப் பார்த்ததா? பல்லாயிரம் இலக்கம் கல் தொலைவிலுள்ள கோளின் வளையத்தை எண்ணத் தெரிந்தவர்க்கு, ஆய்வகத்தின் வேலிக்கு அப்பால் சாமை விதைக்கும் உழவன் என்ன அறிவான் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றிற்றா? அவ்வுழவனின் மகனும் மகளும் ஆய்வாளராய் அமர வழிவகுக்கப் பெற்றதா? ஆய்வு மலைமேல் ஏறிவிட்டது. மலைமக்களோ ஆய்வில் ஏறவில்லை. இதுவே நம் வழக்கு.

அம்மக்களுக்கு மலையாளிகள் என்பது பெயர். பெயரைக் கேட்டவுடன் சேரநாட்டார் என மயங்குவார் இன்றும் உளர். மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவே. அவர் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியினின்று மலையேறினர் என்பது அவர்தம் செவிவழிச் செய்தி. சவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன், சித்தேரி, கொல்லி, பச்சை எனத் தமிழகத்தின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் விரிந்துகிடக்கும் மலைகளெல்லாம் அவர்தம் வாழிடம்.

2011ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பட்டியற் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் மலையாளிகள் மட்டும் 3,57,980 பேர்; நூற்றுக்கு நாற்பத்தைவர். அதே கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 80 விழுக்காட்டினர். பழங்குடியினருள்ளோ 54 விழுக்காட்டினரே. எழுத்தறிவிலேயே இத்துணைப் பள்ளம் என்றால், பட்டப்படிப்பிலும் முனைவர் ஆய்விலும் எத்துணை ஆழம் இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழங்குடியினரை ஆய்வதற்கென அரசு ஒரு நடுவத்தை 1983இல் நிறுவியது. அஃது உதகையை அடுத்த முத்தொரைப் பாலாடாவில் உளது. நீலமலையின் தோடர், கோத்தர், குறும்பர் முதலியோரை ஆய்தல் கட்டாயம் வேண்டியதே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் பழங்குடித் தொகையில் ஏறத்தாழச் சரிபாதியாகிய மக்கள் வாழும் வடமலைகள் எங்கே, உதகை எங்கே? சமுனாமரத்தூர்ப் பெண்ணொருத்தி தன் மக்களின் வாழ்வைப் பற்றிய நூலொன்றைத் தேட எத்தனை பேருந்து மாறவேண்டும்?

கல்வியின்மை என்பது ஏட்டுச் செய்தியன்று. அது குருதிச் செய்தி. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர் எனக் கூறி 20 தமிழரை அம்மாநிலக் காவற்படை சுட்டுக் கொன்றது. அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர். அவருள் பலர் மலைமக்கள். மரத்தை விற்றுப் பொருள் குவித்த பெருந்தரகர் எவரும் அன்று அக்காட்டில் வீழவில்லை. கூலிக்குச் சென்றவரே வீழ்ந்தனர். மரத்தை வெட்டத் தெரிந்த கைக்கு, மரத்தை வளர்க்கும் கல்வியையும் காக்கும் பணியையும் மலையிலேயே வழங்கியிருந்தால், அக்கை அயல்நாட்டுக் காட்டில் கோடரி பிடித்திருக்குமோ?

மலைக்குச் செல்ல வழி தெரியாத அரசன்று நம் அரசு. 1992 சூன் திங்களில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குக் காவலரும் காட்டுத்துறையினரும் வருவாய்த்துறையினரும் நூற்றுக்கணக்கில் சென்றனர். பதினெட்டுப் பெண்டிர் கற்பழிக்கப்பட்டனர், ஊரே சூறையாடப்பட்டது. 2011இல் அத்தனை பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர்முறைமன்றம் அதனை உறுதி செய்தது. முறை கிடைப்பதற்கு முப்பத்தோர் ஆண்டுகள்! அடிக்கச் செல்லும் அரசுக்கு அன்றே வழி தெரிந்தது. பல்கலைக்கழகத்தைக் கொண்டுசெல்ல மட்டும் வழி தெரியவில்லையாம்.

மலைமக்களும் காட்டுமக்களும் அறிவற்றவர், நாம் சென்று அறிவூட்டவேண்டும் என்பது படித்தவரிடையே நிலவும் செருக்கு. அச்செருக்கைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

வந்தவாசிப் பகுதிப் பள்ளிகளில் முப்பதாண்டுக்கு மேலாகத் தமிழ் பயிற்றி வருகின்றேன். என்னிடம் பயின்ற இருளர் மாணாக்கன் ஒருவன், புழுதியில் பதிந்த தடத்தைக் கண்டே சென்றது சாரையா, விரியனா என்று கூறுவான். சென்று எவ்வளவு நேரமாயிற்று என்றும் சொல்லுவான். அவ்வறிவுக்கு மதிப்பெண் வழங்க எங்கள் விடைத்தாளில் இடமில்லை. பத்தாம் வகுப்பில் தேறினான். இனச்சான்றிதழுக்காக ஓர் அலுவலகப் படியை ஏறி இறங்கியதில் ஓராண்டு கழிந்தது. பிறகு செங்கற்சூளைக்குப் போய்விட்டான்.

அவன் இனத்தார் செய்துவரும் தொண்டு யாது? செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுக் கழகம் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்தே இந்நாட்டின் நஞ்சுமுறி மருந்து பெரும்பகுதியும் உருவாகின்றது. பாம்பு தீண்டிய உழவனின் உயிர் இருளர் கையில் இருக்கின்றது என்றால் மிகையன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகி அழிவு செய்தபோது, அங்குள்ள பல்கலைக்கழக அறிவியலாளரோடு சேர்ந்து அவற்றைப் பிடிக்க 2017இல் அழைக்கப்பெற்றவர் இருளராகிய மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023இல் நடுவணரசு அவ்விருவர்க்கும் பத்மசிறீ விருது வழங்கியது. விருது வழங்கியவர் கையில் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றனவே! அவருள் எவரேனும் அவ்விருவரையும் ஆசிரியராய் அமர்த்தி, இளைஞர்க்குக் கற்பிக்கச் செய்தனரா? மார்பில் குத்த விருது. அமர்வதற்கு இருக்கை இல்லை. இதுதான் நம் நாட்டு மதிப்பு.

பொதிகை மலைக் காணிக்காரரின் செய்தியும் எண்ணத்தக்கது. 1987இல் கேரள ஆய்வுநிறுவனம் ஒன்றைச் சேர்ந்த அறிவியலாளர் காணிக்காரரை வழிகாட்டிகளாகக் கொண்டு காட்டுக்குச் சென்றனர். அறிவியலாளர் களைத்தனர், வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவர்கள் இடையிடையே ஒரு சிறுகாயை மென்று வந்தனர். அச்செடியே பின்னர் ஆரோக்கியப்பச்சை எனப் பெயர்பெற்று மருந்தாயிற்று. 1995இல் அம்மருந்தைச் செய்யும் உரிமை 10 இலக்கம் உருபாவுக்கும், விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமைத்தொகைக்கும் வழங்கப்பெற்றது. அதில் பாதி காணிக்காரர்க்கு என ஒப்பினர். உலகமே இதனைப் பாராட்டியது. ஏன் பாராட்டியது? அறிவைக் கொடுத்தவனுக்குப் பங்கு கொடுத்தல் அத்துணை அரிதாய் இருந்தது, அதனாற்றான்! அப்பொழுதும் காணிக்காரன் வழிகாட்டியாகவே நின்றான். ஆய்வகத்துள் அமர்ந்து அச்செடியைப் பகுத்தாய்பவனாக அவன் ஆகவில்லை.

தமிழன்பர்களே, இஃது அவர்தம் இழப்பு மட்டுமன்று, தமிழின் இழப்பு. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கத்தை, அன்றைய செங்கண்மாவை, ஆண்ட நன்னனைப் பாடியது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட அந்நூலில் மலையின் தினையும் தேனும் கிழங்கும் விருந்தோம்பலும் பேசப்பெறுகின்றன. அதே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள் தமிழெழுத்தின் வரலாற்றுக்கே சான்றாயின. நூலுக்கு உரை எழுதினோம். கல்லுக்குப் படி எடுத்தோம். நூல் பாடும் வாழ்வை இன்றும் வாழ்ந்துகொண்டிருப்பவன் வாயிலிருந்து சொல்லெடுத்தோமா? மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று தேனீயின் வகைக்கொரு பெயர் தமிழில் உண்டு; கல்லூரி மாணாக்கனோ அவற்றை இலத்தீனப் பெயரால் மட்டுமே அறிவான்.

தோடமொழிக்கும் கோத்தமொழிக்கும் இலக்கணம் கண்டவர் யார்? அமெரிக்கப் பேராசிரியர் எமனோ. அவர் 1930களிலேயே நீலமலைக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் தங்கி, அம்மக்களிடம் மொழி கற்றார். பரோவும் அவரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திரவிடமொழி வேர்ச்சொல் அகராதியை இன்றுவரை நாம் புரட்டுகின்றோம். அயலான் ஏறிய மலைமீது நாம் ஏறவில்லை. சமற்கிருதச் சொல்லைக் களைந்து தூய சொல்லைத் தேடுகின்றோம் என்போர், தூய சொல் பேசுவோரைத் தேடவேண்டாவா? எம் வந்தவாசியில் 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத போரை நம் பிள்ளைகள் நெட்டுருச் செய்கின்றனர். எங்கள் மாவட்டத்தின் மேற்கெல்லையில் நிற்கும் மலையின் மக்கள் வரலாறு, பாடநூலில் எத்தனை பக்கம் பெற்றிருக்கின்றது?

இனித் தில்லியின் செயலைப் பார்ப்போம். கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆம் சட்டத்திருத்தத்தால் மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்கு இழுத்துச் செல்லப்பெற்றது. அதன் பிறகு பழங்குடியினர்க்கென நடுவணரசு அமைத்த பல்கலைக்கழகங்களுள் ஒன்று மத்தியப்பிரதேசத்து அமர்கண்டக்கில் உளது. அதன் சட்டம் 2007இல் வந்தது. ஆந்திரத்தில் ஒன்றும் தெலங்கானாவில் ஒன்றும் மாநிலப் பிரிவினையின் உடன்பாட்டால் வந்தன. தமிழ்நாட்டுக்கு ஒன்றுமில்லை. அவற்றின் படியொன்றைத் தில்லியிடம் இரந்து பெறுக என்றும் நாம் சொல்லவில்லை. இந்தியும் ஆங்கிலமும் ஏந்திக்கொண்டு மலையேறும் பல்கலைக்கழகம், மலைத்தமிழனைத் தன் மலையிலேயே அயலானாக்கும். வேண்டுவது தமிழ்வழிப் பல்கலைக்கழகம். மலைமக்களே நடத்தும் பல்கலைக்கழகம்.

இதற்கு எழும் தடைகள் சில.

சிறுதொகையினர்க்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்பர். வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்தின் மக்கள் ஏறத்தாழ 56,000 பேரே. பனிமூடிய அந்நாட்டில் 1987 முதல் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அவர்தம் மொழியும் இலக்கியமும் அங்குப் பாடத்துறை. நார்வேயின் வடகோடியில், மூவாயிரம் பேரும் இல்லாத கௌத்தோகெய்னோ என்னும் ஊரில், கலைமான் மேய்க்கும் சாமி இனத்தார்க்கென 1989இல் உயர்கல்லூரி தோன்றியது. அங்குப் பயிற்றுமொழி சாமிமொழி. கலைமான் வளர்ப்பும் அங்கு ஆய்வுப்பொருள். அமெரிக்காவின் நவகோ இனத்தார் 1968இலேயே தமக்குரிய கல்லூரியைத் தாமே நிறுவினர். மலையாளிகளின் தொகையோ கிரீன்லாந்தைப்போல் ஆறு மடங்கு. தொகை குறைவு என்பது பொய். மதிப்புக் குறைவு என்பதே மெய்.

இடஒதுக்கீடு உண்டே, கீழே வந்து படிக்கட்டுமே என்பர். ஒதுக்கீடு உரிமை, அதனை ஒருநாளும் விடலாகாது. ஆனால் தமிழ்நாட்டில் அது 1 விழுக்காடு. அதனைப் பெறவும் சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழின் கதையைக் கேளுங்கள். மலையாளி இனத்தான் பழைய வடார்க்காடு, தென்னார்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் வாழ்ந்தால் பழங்குடி. ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழ்ந்தால் பழங்குடியல்லன் என்கின்றது பட்டியல்! மலைக்கு மலை மாறுமோ இனம்? அன்றியும், கீழே வந்து படித்தவன் கீழேயே நின்றுவிடுகின்றான். மலையின் அறிவை மலையில் வளர்க்க அவனுக்கு அங்கு இடமுமில்லை, பணியுமில்லை.

முதலில் தொடக்கப்பள்ளியைச் செம்மை செய்க, பல்கலைக்கழகம் பிறகு என்பர். கேட்பதற்கு நன்றாய் இருக்கின்றது. மலைப்பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வருகின்றனர்? கீழிருந்து. வந்தவர் இடமாற்ற ஆணைக்கு நாள் எண்ணுகின்றனர். மலையிலேயே ஆசிரியர் உருவாகவேண்டுமெனின் மலையிலேயே உயர்கல்வி வேண்டும். மேலே ஊற்று இருந்தாலன்றோ கீழே ஓடை ஓடும்?

இது மலைமக்களை அருங்காட்சியகத்துள் அடைப்பதாகாதோ என்று வினவுவார் சிலர். அன்று. அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றவன் பேசமாட்டான். பிறர் அவனைப் பற்றிப் பேசுவர். இன்று நடப்பதே அது. மாந்தவியல் மாணாக்கன் மலையேறுகின்றான். திருமணமுறை, இறப்புமுறை, தெய்வம், பச்சிலை என நூறு வினாக் கேட்கின்றான். ஆங்கிலத்தில் எழுதி முனைவனாகின்றான். விடைகூறிய மூதாட்டிக்கு அந்நூலின் ஒரு படியேனும் வருகின்றதா? வந்தாலும் படிக்க இயலுமா? அவள் பேத்தியே அவ்வாய்வைச் செய்து, தமிழில் எழுதி, ஊர்மன்றில் படித்துக்காட்டும் நாளையே நாம் வேண்டுகின்றோம்.

பட்டம் வழங்கும் கல்லூரி ஒன்றைத் திறந்துவிட்டால் கடன் தீர்ந்தது என எண்ணுவாரும் உளர். கீழேயுள்ள கல்லூரியின் பாடத்தை அப்படியே மேலே கொண்டுபோய் ஒப்பித்தல் பல்கலைக்கழகக் கல்வி ஆகாது. புதிய அறிவு பிறக்கும் இடமே பல்கலைக்கழகம். ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002 முதல் இவ்வட்டாரத்தின் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. அதன் ஆய்வு வளாகம் ஒன்று சமுனாமரத்தூரில் அமைதல்வேண்டும். இளநிலை முதல் முனைவர்ப் பட்டம் வரை பயிற்றுமொழி தமிழாதல்வேண்டும். நாளடைவில் அது தனிப் பல்கலைக்கழகமாக வளர்தல்வேண்டும்.

இரண்டு: அதன் பாடங்கள் மலையிலிருந்து எழுதல்வேண்டும். 2023ஆம் ஆண்டைச் சிறுகூல ஆண்டாக உலகம் கொண்டாடியது. உலகம் நினைக்குமுன்பே சாமையும் கேழ்வரகும் விதைத்துவருபவர் வித்துகளைக் காத்த முறை அங்குப் பாடமாகட்டும். காடு, தேன், மண்ணும் நீரும், மகப்பேற்று மருத்துவம், செவிலியம், கல்வெட்டு, வாய்மொழி இலக்கியம் ஆகியனவும் ஆகட்டும். 2006ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம் மலைமக்களின் வழிவழி அறிவுக்கும் உரிமை வழங்குகின்றது. அச்சட்டத்தை வரிவரியாய்க் கற்ற வழக்கறிஞர் மலையிலேயே தோன்றட்டும்.

மூன்று: பட்டமில்லை என்று தள்ளாது, மலைமூத்தோரையும் மருத்துவச்சியரையும் ஊதியமுள்ள ஆசிரியராய் அமர்த்துதல்வேண்டும்.

நான்கு: ஊரவையின் ஒப்புதலின்றி எவரும் அங்கு ஆய்வு செய்யலாகாது. ஆய்வின் முடிவு தமிழில் ஊருக்குத் திரும்பி வருதல்வேண்டும். ஆதாயம் வரின் பங்கும் வருதல்வேண்டும்.

ஐந்து: மலைப்பெண்களுக்கு விடுதியும் பேருந்தும், மாணாக்கர்க்கு அலைக்கழிப்பின்றி இனச்சான்றிதழும் உறுதியாதல்வேண்டும். காவலூர் ஆய்வகத்தின் கருவிகளை இயக்கவும் பழுதுபார்க்கவும் மலையிளைஞர்க்கு ஆண்டுதோறும் பயிற்சி வழங்குதல்வேண்டும்.

இவை இரப்பு அல்ல. பழங்குடி மக்கள் தம் கல்வியமைப்பைத் தம் மொழியில் தாமே நிறுவி நடத்தும் உரிமையை ஒன்றிய நாடுகள் மன்றம் 2007ஆம் ஆண்டுச் சாற்றுரையில், 14ஆம் பிரிவில் ஒப்புக்கொண்டது. இந்தியாவும் ஒப்பி வாக்களித்தது. நியூயார்க்கில் தூக்கிய கையைச் சமுனாமரத்தூரில் மடக்கிக்கொள்வது என்ன முறை?

தமிழ்வழிக் கல்விக்காகக் குரலெழுப்பும் தோழர்களே, நம் கடமை முதற்கண் நமக்கே உளது. தோடரும் கோத்தரும் இருளரும் தத்தம் மொழியில் கற்க விழையின், அவ்வுரிமைக்கும் நாமே முன்னிற்றல்வேண்டும். இந்தி நம்மீது ஏறுவதை எதிர்க்கும் நாம், நம்மினும் சிறியார்மீது ஏறலாகாது. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொரு மன்றமும் இக்கோரிக்கைகளை உயர்கல்வி அமைச்சர்க்கும் தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கும் எழுதுக. அடுத்த விடுமுறையில் பத்துப்பேராய் மலையேறுக. அங்கே சொற்பொழிவாற்றாது, செவிகொடுத்து அமர்க. அவர் கற்பிக்கும் சொல்லை அவர் பெயரோடு எழுதிக்கொள்க. தூயதமிழ் நூலகத்தில் மட்டும் இல்லை. சாமைக் கொல்லையிலும் இருக்கின்றது. அக்கொல்லையின் மகள் பேராசிரியராய் அமர, நாம் இருக்கை கேட்டு வாங்குவோம். கொடுக்க மறுப்பவர் வாயிலில் கொடுக்கும்வரை நிற்போம்.